மிச்ச நூலில் நன்றிக் குல்லா: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்கழி விடியலில் பால் பாக்கெட் போடும் அண்ணன், பேப்பர் போடும் தம்பி, ராத்திரி முழுக்க கேட்டருகே உட்காரும் வாட்ச்மேன் ஐயா. இவர்களுக்கு நன்றியாக ஒரு குல்லா பின்னிக் கொடுப்பது அருமையான எண்ணம். அது பெரும்பாலும் கெடுவது தொடக்கத்திலேயே. யார் தலைக்கு என்று தீர்மானிக்காமல், பையில் என்ன நூல் மிச்சமிருக்கிறதோ அதை எடுத்துக் கண்ணி (ஊசியில் ஏற்றும் நூல் வளையம்) போட ஆரம்பித்துவிடுகிறோம்.

சென்னையில் டிசம்பர், ஜனவரி இரவுகளில்கூட வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஊட்டிக்குப் பின்னிய ஸ்வெட்டரில் மிஞ்சிய கனத்த கம்பளி இங்கே வேண்டாம். அரை மணி நேரத்தில் வியர்த்துக் கழற்றிவிடுவார்கள். மெல்லிய அக்ரிலிக் அல்லது காட்டன் போதும். காட்டன் இழுத்தால் இழுத்தபடியே தளர்ந்துவிடும் என்பதால், பார்டரை (குல்லாவின் கீழ் விளிம்புப் பட்டையை) மட்டும் ஒரு சைஸ் சின்ன ஊசியில் பின்னுங்கள். அக்ரிலிக்கில் சூடான இஸ்திரிப் பெட்டி படவே கூடாது, உருகிவிடும்.

கம்பளியையும் அக்ரிலிக்கையும் ஒரே குல்லாவில் பட்டை பட்டையாகக் கலப்பதும் தவறு. வெந்நீரில் போட்டால் கம்பளி சுருங்கும், அக்ரிலிக் சுருங்காது. முதல் துவைப்பிலேயே குல்லா கோணிக்கொள்ளும். நூலின் கனம் வேறுபட்டால் மெல்லியதை இரட்டை இழையாகச் சேர்த்துப் பாருங்கள். அடர் சிவப்பையும் வெள்ளையையும் சேர்ப்பதற்கு முன், சிவப்பு நூலை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்தால் சாயம் போகுமா என்பது தெரிந்துவிடும்.

அப்புறம் அளவு. முதலில் ஒரு சின்னத் துண்டு சாம்பிள் பின்னாமல் கண்பார்வையில் போடுகிற குல்லா கண்ணை மறைக்கும், இல்லையென்றால் நெற்றியில் தடம் பதிக்கும். கணக்கு எளிதுதான். 10 செ.மீ. சாம்பிளில் 20 கண்ணி வருகிறது, தலைச்சுற்றளவு 56 செ.மீ. என்று வையுங்கள். குல்லா தலையைப் பிடித்து நிற்க 5 செ.மீ. குறைத்து 51 செ.மீ.க்குப் பின்ன வேண்டும், 102 கண்ணி. இரண்டு நேர்க் கண்ணி, இரண்டு புரட்டுக் கண்ணி என்று மாறி மாறி வரும் பார்டருக்கு நான்கால் வகுபட வேண்டும் என்பதால் 104 போடுங்கள். உச்சியை 8 பாகமாகப் பிரித்துக் குறைக்கும்போது பாகத்துக்கு 13 என்று சரியாக வரும். முதல் வரிசைக் கண்ணியைத் தளர்வாகப் போடுங்கள். அது இறுகினால் மேலே எவ்வளவு அழகாகப் பின்னியும் பயனில்லை.

மிச்ச நூலில் பாதியில் நூல் தீர்வது வழக்கமான சங்கடம். ஒரு சுற்றுக்கு, அதன் சுற்றளவைப் போல மூன்று மடங்குக்கு மேல் நூல் பிடிக்கும். பிடித்த நிறத்தை பார்டரிலேயே தீர்த்துவிடாமல், உச்சிக்கு வேண்டியதை முதலிலேயே எடுத்து வைத்துவிடுங்கள். நிறம் மாற்றும் இடத்தில் முடிச்சு போட்டு ஒட்ட வெட்டாதீர்கள். 15 செ.மீ. வால் விட்டு, உள்பக்கமாக ஊசியில் கோத்து மறையுங்கள். முடிச்சு தலையை உறுத்தும்.

பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரிக்கு நன்றியாகப் பச்சிளங்குழந்தைக் குல்லா தருகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையோ வேறு எதுவோ, வெளியிலிருந்து வரும் துணியை வார்டில் வாங்கிக்கொள்வார்களா என்று முதலில் விசாரியுங்கள். பட்டன், பாம்பாம் (நூல் குஞ்சப் பந்து), மணி எதுவும் வேண்டாம். பிய்ந்தால் குழந்தையின் வாய்க்குள் போகும். பிறந்த முதல் சில மணி நேரமும் தீவிர சிகிச்சைப் பிரிவும் தவிர, வீட்டுக்குள் குழந்தைக்குக் குல்லா போட வேண்டாம் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியின் 2022 பரிந்துரை. உடம்பு அதிகமாகச் சூடாவதுதான் ஆபத்து. நம் ஊர் வெக்கைக்கு இது ரொம்பவே பொருந்தும். கொடுக்கும்போது தாயிடம் சொல்லிவிடுங்கள்.

கீமோ சிகிச்சையில் இருப்பவருக்கு என்றால் மென்மையான காட்டன் மட்டுமே. முடி உதிர்ந்த தலையில் கரகரப்பான நூல் அரிக்கும்.

கடைசியாக, நேரம். தீபாவளி முடிந்ததும் ஊசியை எடுங்கள். டிசம்பர் நடுவில் மார்கழி பிறந்துவிடும். பொங்கலுக்குப் பிறகு கொடுத்தால் அந்த வருஷம் போட்டுக்கொள்ள அதிக நாள் இருக்காது.