தொலைக்காட்சிச் சமையலைப் பார்ப்பதும் அதைப் பற்றிக் கருத்துச் சொல்வதும்: மட்டக்களப்புச் சமையலறைக்கு ஒரு வழிகாட்டி

மட்டக்களப்பில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டில் எல்லாரும் கூடியிருந்து பார்க்கும் நிகழ்ச்சிகளில் சமையல் நிகழ்ச்சிக்குத் தனி இடம் உண்டு. மறுநாள் காலை மீன் வாங்கப் போன இடத்திலும் அதே பேச்சுத் தொடரும். "அவருடைய கைப்பக்குவம் பார்க்கவே தெரிகிறது" என்று ஒருவர் சொல்ல, "அதெல்லாம் கெமராவுக்குச் செய்வது" என்று மற்றவர் மறுப்பார். இரு தரப்பிலும் அந்தக் கறியை ஒரு தடவையேனும் சமைத்துப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. சமையற்காரர் ஒருவரைப் பற்றிய கருத்து நம்முடைய சட்டியிலிருந்து வரவேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதற்கு நிகழ்ச்சியை எப்படிப் பார்ப்பது, எதைக் குறித்துக்கொள்வது, நம் அடுப்புக்கு எப்படி மாற்றிக்கொள்வது என்பதை என் அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

நிகழ்ச்சி எந்த வகையைச் சேர்ந்தது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். 2019 இல் விஜய் தொலைக்காட்சியில் தொடங்கிய குக்கு வித் கோமாளி சிரித்து மகிழ்வதற்காகச் செய்யப்பட்ட நிகழ்ச்சி, அதில் கோமாளி மாவைக் கொட்டிவிட்டால் "இப்படியா சமைப்பது?" என்று கோபிப்பதில் பொருள் இல்லை. 2021 இல் சன் தொலைக்காட்சியில் விஜய் சேதுபதி தொகுத்து வழங்கிய மாஸ்டர் செஃப் ஒரு போட்டி. அங்கே நேரத்தோடு போராடும் மனிதர்களின் நிதானத்தையும் துணிவையும் பார்க்கலாம், ஆனால் கறிக்கு எத்தனை கரண்டி உப்பு என்று தேடினால் கிடைக்காது. அளவையும் செய்முறையையும் தேடுகிறவர்கள் ஒருவர் தனியாக நின்று, ஒரே சமையலைத் தொடக்கம் முதல் முடிவு வரை செய்துகாட்டும் நிகழ்ச்சிக்குத்தான் போகவேண்டும். 2024 இல் வெங்கடேஷ் பட் குக்கு வித் கோமாளியை விட்டு விலகி, அவருடைய இடத்தில் மாதம்பட்டி ரங்கராஜ் தாமுவோடு நடுவராக அமர்ந்தபோது எங்கள் உறவினர் வீடுகளிலும் யார் சிறந்தவர் என்று பெரிய வாதம் நடந்தது. நடுவர் இருக்கையில் ஒருவர் எப்படிப் பேசுகிறார் என்பதை வைத்து அவருடைய சமையலை அளக்க முடியாது என்றே அன்றும் சொன்னேன், இன்றும் சொல்வேன். வெங்கடேஷ் பட்டை நான் விரும்பிப் பார்ப்பதற்குக் காரணம், தனியாகச் சமைத்துக்காட்டும்போது ஒரு பொருளை ஏன் அந்த இடத்தில் சேர்க்கிறார் என்பதையும் சேர்த்துச் சொல்லும் பழக்கம்தான்.

செய்முறை நிகழ்ச்சியை இரண்டு தடவை பாருங்கள். முதல் தடவை கையில் எதுவும் வேண்டாம். இரண்டாம் தடவை ஒரு கொப்பியில் அளவு, தீ, நேரம், காரணம் என்ற நான்கையும் குறியுங்கள். காட்சி வெட்டப்படும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு கோடு போடுங்கள், ஏனென்றால் நாம் ஏமாறுவது பெரும்பாலும் அந்த வெட்டில்தான். பம்பாய் வெங்காயம் பொன்னிறமாக வருவதற்கு நடுத்தரத் தீயில் பத்துப் பதினைந்து நிமிடமாவது செல்லும். திரையில் அது ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. அதை நம்பித் தீயைக் கூட்டியவரின் வெங்காயம் ஓரங்களில் கருகி நடுவில் பச்சையாகவே இருக்கும்.

வெளிநாட்டு நிகழ்ச்சி பார்க்கிறவர்கள் அளவுக் கரண்டியில் கவனமாக இருக்கவேண்டும். அவுஸ்திரேலியாவில் ஒரு மேசைக்கரண்டி என்பது 20 மில்லிலீற்றர். மற்றப் பெரும்பாலான நாடுகளில் அது 15 மட்டுமே. ஆகவே மாஸ்டர் செஃப் அவுஸ்திரேலியாவில் வந்தவர்களோ, அங்கு வாழும் நம் நாட்டு வம்சாவளிச் சமையற்காரர் பீற்றர் குருவிட்டவோ மூன்று மேசைக்கரண்டி என்று சொன்னால், நம் கரண்டியில் அது நான்கு. அமெரிக்க நிகழ்ச்சியில் 350 பாகை என்று வந்தால் அது பரனைற்றுக் கணக்கு; நம் வெதுப்பியில் ஏறத்தாழ 175 முதல் 180 பாகை செல்சியஸ் வரை வைத்தால் போதும்.

தமிழ்நாட்டு நிகழ்ச்சிகளில் மொழி ஒன்றுதான், ஆனால் சமையலறைச் சொற்கள் வேறு. அவர்கள் பட்டை என்பது நம் கறுவா, சோம்பு என்பது பெருஞ்சீரகம், கடாய் என்பது தாச்சி, வஞ்சிரம் என்பது அறக்குளா. இவற்றில் பிழைவிட்டால் கேட்டுத் திருத்திக்கொள்ளலாம். மிளகாய்த்தூள் என்ற சொல்தான் கறியையே கெடுத்துவிடும். அவர்கள் அந்தச் சொல்லால் குறிப்பது மிளகாயை மட்டும் அரைத்த தூளை. நம் பகுதியில் பல வீடுகளில் தூள் என்றாலே மல்லி, சீரகம், மிளகு எல்லாம் வறுத்துச் சேர்த்து இடித்த கறித்தூள்தான். நானும் இதில் அகப்பட்டேன். தமிழ்நாட்டுச் சமையற்காரர் ஒருவர் செய்த கோழிக்குழம்பைப் பார்த்து, அவர் சொன்ன அளவிலேயே எங்கள் வீட்டுத் தூளைப் போட்டேன். அதன்மேல் அவர் சொன்ன மல்லித்தூளையும் சீரகத்தூளையும் போட்டேன். குழம்பு தார் போலக் கறுத்து, நாக்கின் அடியில் கசப்பு நின்றது. அந்தச் சமையற்காரருக்கு ஒன்றும் தெரியாது என்று கல்லடியில் இருக்கும் என் மாமியிடம் போய்ச் சொன்னேன். மாமி குழம்பை விரலில் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, "அவர் சொன்னது தனித்தூள், நீ போட்டது கறித்தூள், பிழை ஆரில புள்ள?" என்று கேட்டார். கொப்பியில் அவர் பெயருக்கு எதிரே எழுதியிருந்த "கசக்கும்" என்ற சொல்லை அன்றிரவே வெட்டினேன். காஷ்மீரி மிளகாய்த்தூள் என்று சொன்னால் இன்னும் கவனம் வேண்டும்; அது நிறத்துக்காகச் சேர்ப்பது, உறைப்புக் குறைவு. அதே அளவு நம் தனித்தூளைப் போட்டால் பிள்ளைகள் சோற்றைத் தொடமாட்டார்கள்.

மீன் சமையலை அப்படியே எடுக்காதீர்கள். திரையில் காட்டுவது பெரும்பாலும் தடித்த துண்டு. நமக்கு வாவியிலிருந்து கிடைப்பதில் பல மெல்லிய சதையுள்ள சிறு மீன்கள். அவர்கள் பத்து நிமிடம் என்றால் ஐந்தாவது நிமிடத்திலேயே சட்டியைத் திறந்து பாருங்கள். மண்சட்டியில் சமைத்தால், அடுப்பை அணைத்த பிறகும் சூடு நின்று மீனை வேகவைத்துக்கொண்டே இருக்கும் என்பதையும் கணக்கில் எடுக்கவேண்டும். தேங்காய்ப்பாலைச் சில நிகழ்ச்சிகளில் ஒரே தடவையில் ஊற்றிக் கொதிக்கவிடுகிறார்கள். தேங்காய்ப்பாலில் மீனை வேகவைக்கும் நம் பாலாணத்துக்கு அது ஒத்துவராது. இரண்டாம் பாலில் மீனை வேகவைத்து, முதற்பாலைக் கடைசியில் ஊற்றி, மெல்லிய தீயில் நுரை கட்டி வரும்போதே இறக்கவேண்டும். நன்றாகக் கொதித்தால் பாலிலுள்ள புரதம் திரண்டு எண்ணெய் பிரிந்துவிடும். எண்ணெய் பிரிவது சில குழம்புகளுக்கு அழகு, பாலாணத்துக்குக் கேடு. இந்த வேறுபாட்டைச் சொல்லிக்கொடுக்கும் சமையற்காரர் யாராக இருந்தாலும் நான் அவரை மதிக்கிறேன்.

எரிபொருளையும் பாருங்கள். 2022 இல் எரிவாயுவுக்கு வரிசையில் நின்ற எவரும் 12.5 கிலோ கொள்கலன் ஒன்றின் அருமையை மறந்திருக்கமாட்டார். இறைச்சியை இரண்டு மணி நேரம் அடுப்பில் வைக்கச் சொல்லும் செய்முறையை நான் அழுத்தச் சட்டிக்கு மாற்றிவிடுகிறேன், அல்லது விறகடுப்புக்கு ஒதுக்கிவைக்கிறேன்.

இனிக் கருத்துச் சொல்வதற்கு வருவோம். புதிய சமையலை முதல் தடவை அவர் சொன்னபடியே, சொற்களையும் அளவுகளையும் சரியாக மாற்றி, பாதி அளவில் செய்யுங்கள். இரண்டாம் தடவை நம் வாய்க்கு ஏற்ப உறைப்பையும் புளியையும் மாற்றுங்கள். கருத்து முதல் தடவைச் சமையலைப் பற்றியதாக இருக்கவேண்டும், ஏனென்றால் அதுதான் அவருடையது. உப்புக் கூடியதா, நேரம் போதவில்லையா, ஒரு படியைச் சொல்லாமல் விட்டாரா என்று குறிப்பாகச் சொல்லுங்கள். "நல்லாயில்லை" என்று மட்டும் சொன்னால் கேட்பவருக்கு அதிலிருந்து ஒன்றும் கிடைக்காது. சமையற்காரரின் உடை, உச்சரிப்பு, குடும்பம் ஆகியவற்றைக் கறியோடு கலக்காதீர்கள். அயல்வீட்டாரோடு கருத்து மாறுபட்டால், ஒரு கிண்ணத்தில் அந்தக் கறியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.