சப்டைட்டில் கோளாறுகள்: தவறான இடத்தைப் பழுதுபார்க்காதீர்கள்

என் தாயாருக்குக் காது சற்று மந்தம். சப்டைட்டில் இல்லாவிட்டால் அவரால் எந்தப் படத்தையும் முழுமையாகப் பார்க்க முடியாது. லேப்டாப்பில் ஒழுங்காக ஓடிய ஒரு படம் வரவேற்பறை டிவிக்குப் போனதும், தமிழ் எழுத்துகள் எல்லாம் வெறும் கட்டங்களாக மாறின. வேறொரு சப்டைட்டில் கோப்பைத் தேடிப் பதிவிறக்கினேன். ரூட்டரை அணைத்துப் போட்டேன். டிவியை முழுவதுமாக ரீசெட் செய்தேன். மூன்றிலும் பயனில்லை, ஏனெனில் கோளாறு வேறிடத்தில் இருந்தது.

பலரும் செய்யும் முதல் தவறு இதுவே. ஒரு படம் திரைக்கு வந்து சேரும் வழியில் கோப்பு, அதை இயக்கும் செயலி, வீட்டு நெட்வொர்க், டிவி என நான்கு கண்ணிகள் உள்ளன. எந்தக் கண்ணி பழுது என்று பிரித்தறியாமல் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால், தற்செயலாகச் சரியானாலும் எதனால் சரியானது என்பது தெரியாமலே போய்விடும். எனவே முதலில் அதே வீடியோவையும் அதே சப்டைட்டிலையும் கணினியில் விஎல்சி ப்ளேயரில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அங்கே சரியாகத் தெரிந்தால் கோப்பைப் பெரும்பாலும் சந்தேகிக்க வேண்டியதில்லை.

கோப்பில்தான் பழுது என்றால், தமிழைப் பொறுத்தவரை என்கோடிங்கை, அதாவது எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறையை, முதலில் பார்ப்பது நல்லது. உலக மொழி எழுத்துகளுக்கான பொதுத் தரமான யூனிகோடில் உள்ள ஒவ்வொரு தமிழ்க் குறியும் யூடிஎஃப்-8 முறையில் 3 பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான பழைய ஒற்றை பைட்டு முறையில் ப்ளேயர் அதை வாசித்தால், தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ‘ஏ’ வரிக்கு வரி திரும்பத் திரும்ப வரும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து இதை அழித்துவிடக் கூடாது. ப்ளேயரின் சப்டைட்டில் அமைப்பில் என்கோடிங்கை யூடிஎஃப்-8 என்று மாற்றினாலே போதும். உண்மையில் ஆபத்தானது வேறொன்று: கோப்பை நோட்பேடில் திறந்து ஒரு வரியைத் திருத்தி, எச்சரிக்கைச் செய்தியைப் படிக்காமலே ‘ஆன்சி’ என்ற பழைய முறையில் சேமித்துவிடுவது. அப்போது தமிழ் எழுத்துகள் அனைத்தும் கேள்விக்குறிகளாகவே கோப்பில் எழுதப்பட்டுவிடும். அவற்றை எந்த மென்பொருளாலும் மீட்க இயலாது. 2019-இல் வெளிவந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பிலிருந்துதான் நோட்பேட் யூடிஎஃப்-8 முறையை இயல்பாக எடுத்துக்கொள்கிறது. பழைய கணினியில் வேலை செய்வோர் திருத்துவதற்கு முன் ஒரு நகல் எடுத்து வைத்தே ஆக வேண்டும்.

பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட பழைய கோப்புகள் தனி வகை. அவற்றில் இருப்பவை ஆங்கில எழுத்துகளே. எழுத்துருதான் அவற்றுக்குத் தமிழ் உருவம் தருகிறது. ஆகவே என்கோடிங்கை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை, யூனிகோடு மாற்றியில் இட்டே மாற்ற வேண்டும். அப்படி மாற்றும்போது கோப்பு முழுவதையும் ஒன்றாக இட்டுவிடுவது இன்னொரு தவறு. பாமினியில் காற்புள்ளிதான் ‘இ’ என்ற எழுத்து. வசனத்தையும் அது தோன்றும் நேரத்தையும் எழுத்தாகக் கொண்ட எஸ்ஆர்டி சப்டைட்டில் கோப்பின் நேரக்குறியீட்டிலோ 00:05:10,500 என்று விநாடிக்கும் மில்லிவிநாடிக்கும் நடுவில் காற்புள்ளி நிற்கிறது. அது ‘இ’ ஆகிவிட்டால் நேரக்குறியீடு சிதைந்துவிடும். வசன வரிகளை மட்டுமே மாற்ற வேண்டும்.

கட்டங்கள் தெரிவது இவை எதனாலும் அன்று. அந்தக் கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை என்பதே அதன் பொருள். எழுத்துரு இருந்தும் ‘கொ’ போன்ற எழுத்துகளில் கொம்பும் காலும் இடம் மாறி நின்றால், எழுத்துகளைச் சேர்த்து வரையும் திறன் அந்த ப்ளேயருக்கு இல்லை. டிவியில் விஎல்சி போன்ற வேறொரு செயலியை நிறுவிப் பார்க்கலாம். அதற்கும் வழியில்லாத டிவிக்காக, ஹேண்ட்பிரேக் மென்பொருளால் சப்டைட்டிலை வீடியோவின் மீதே பதித்துவிடலாம். என் தாயாருக்காக நான் கடைசியில் செய்தது அதைத்தான்.

பேச்சும் எழுத்தும் பொருந்தாதபோது, எவ்வளவு பிந்துகிறது என்பதை மட்டும் பார்த்து ஒரு தாமத அளவை வைத்துவிடுகிறோம். பார்க்க வேண்டியது, அந்த வேறுபாடு படம் முழுக்க ஒரே அளவில் இருக்கிறதா, போகப்போக வளர்கிறதா என்பது. ஒரே அளவில் இருந்தால் விஎல்சியில் ‘ஜி’, ‘ஹெச்’ விசைகளால் 50 மில்லிவிநாடி வீதம் முன்னும் பின்னும் நகர்த்தலாம். ஆனால் அந்தத் திருத்தம் கோப்பில் எழுதப்படுவதில்லை என்பதால் டிவிக்குப் போனதும் பழைய பிழை அப்படியே நிற்கும். வேறுபாடு வளர்ந்துகொண்டே போனால் காரணம் பெரும்பாலும் ஃப்ரேம் வேகம், அதாவது விநாடிக்கு எத்தனை படச்சட்டங்கள் ஓடுகின்றன என்பது. விநாடிக்கு 23.976 ஃப்ரேம் கொண்ட பதிப்புக்கு எழுதிய சப்டைட்டிலை, அதே படத்தை 25 ஃப்ரேமுக்கு வேகப்படுத்திய பதிப்போடு சேர்த்தால், ஒரு மணி நேரம் கடப்பதற்குள் ஏறத்தாழ 2.5 நிமிடம் பிந்திவிடும். இங்கே நகர்த்துவது உதவாது. ‘சப்டைட்டில் எடிட்’ என்ற மென்பொருளில் ஃப்ரேம் வேகத்தை மாற்றிச் சேமிக்க வேண்டும்.

சப்டைட்டில் தோன்றவே இல்லையென்றால், வீடியோவின் பெயரும் சப்டைட்டிலின் பெயரும் பின்னொட்டு நீங்கலாக எழுத்துக்கு எழுத்து ஒன்றாக உள்ளனவா என்று முதலில் பார்க்க வேண்டும். கோப்பின் வகையைக் காட்டும் அந்தப் பின்னொட்டை விண்டோஸ் மறைத்து வைப்பதால், எஸ்ஆர்டி என்று நாம் நம்பும் கோப்பின் உண்மையான முடிவு டிஎக்ஸ்டி ஆக இருக்கலாம்.

நெட்வொர்க்கின் மேல் விழும் பழிகளில் ஒன்று எனக்குப் பெரிதும் வருத்தம் தருவது, ஏனெனில் அதை நம்பி மக்கள் பணம் செலவழிக்கிறார்கள். ஒரு கணினியில் உள்ள படங்களை வீட்டிலுள்ள மற்ற கருவிகளுக்கு அனுப்பும் ஜெல்லிஃபின், ப்ளெக்ஸ் போன்ற சர்வரிலிருந்து படம் சீராக ஓடுகிறது. சப்டைட்டிலைப் போட்டவுடன் திணறுகிறது. உடனே வைஃபை போதவில்லை என்று புது ரூட்டர் வாங்குகிறார்கள். ப்ளூரேயிலும் டிவிடியிலும் இருந்து வரும் சப்டைட்டில்கள் எழுத்துகள் அல்ல, படங்கள். டிவியின் செயலியால் அவற்றைக் காட்ட முடியாதபோது, சர்வர் ஒவ்வொரு ஃப்ரேமையும் பிரித்து, சப்டைட்டிலை மேலே பதித்து, வீடியோ முழுவதையும் மீண்டும் என்கோட் செய்து அனுப்புகிறது. 4கே படமென்றால், சர்வராக இயங்கும் பழைய லேப்டாப்பால் அந்தச் சுமையைத் தாங்க முடியாது. ஜெல்லிஃபினின் டாஷ்போர்டில் படம் நேரடியாகப் போகிறதா, மாற்றப்படுகிறதா என்பது தெரியும். எழுத்து வடிவிலான எஸ்ஆர்டி கோப்பைச் சேர்த்து அதைத் தேர்ந்தெடுத்தால், பெரும்பாலும் அந்தத் திணறல் நின்றுவிடும்.

நெட்வொர்க்கே காரணமாகும் இடங்களும் உண்டு. விருந்தினருக்காக ரூட்டர் தனியாகத் தரும் கெஸ்ட் வைஃபையில் போனும் வீட்டின் வழக்கமான வைஃபையில் டிவியும் இருந்தால், ஒன்றையொன்று அவை காண முடியாது. பல ரூட்டர்களில், இரண்டுமே கெஸ்ட் வைஃபையில் இருந்தாலும் அதே நிலைதான். போனிலிருந்து டிவியில் படத்தை ஓட வைக்கும் இரு வழிகளான காஸ்ட் செய்வதையும் திரையைப் பிரதிபலிப்பதையும் ஒன்றாகக் கருதுவதும் சரியன்று. இணையப் படத்தைக் காஸ்ட் செய்தால் டிவியே அதை நேரடியாக இணையத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. பிரதிபலிக்கும்போது போன் தன் திரையை ஓயாமல் என்கோட் செய்து அனுப்ப வேண்டியிருக்கிறது, கட்டணச் சேவைகளின் படங்கள் பாதுகாப்புப் பூட்டினால் கறுப்பாகவும் தெரியக்கூடும். காஸ்ட் குறி உள்ள செயலியில் அதைப் பயன்படுத்துவதே முறை.