சின்னப் பிள்ளைகளோடு ஊர் மாறுகிறீர்களா? தென்னாப்பிரிக்காவில் வீட்டுக்கு முன் பள்ளியைப் பாருங்கள்

டர்பனில் வேலை பார்க்கும் நம் குடும்பங்களில் பலருக்கும் என்றாவது ஒருநாள் ஜோகன்னஸ்பர்க்குக்கோ பிரிட்டோரியாவுக்கோ மாற்றல் வருகிறது. சென்னையிலிருந்தும் கொழும்பிலிருந்தும் நேராக அங்கே வந்து இறங்குகிறவர்களும் உண்டு. வந்ததும் எல்லோரும் வீடு தேடுகிறார்கள். வாடகை கட்டுப்படியாகுமா, ஆபீஸ் பக்கமா, வளாகத்துக்குக் காவல் உண்டா என்று பார்த்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அப்புறம்தான் பள்ளியைப் பற்றி யோசிக்கிறார்கள். கிரேடு ஆர் (ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய வகுப்பு), கிரேடு 1 வயதில் பிள்ளை இருந்தால் தயவுசெய்து இந்த வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். இங்கே அரசுப் பள்ளியில் இடம் கிடைப்பதைப் பெரும்பாலும் உங்கள் முகவரிதான் முடிவு செய்கிறது.

படி 1: பிள்ளை எந்த வகுப்பு என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

இங்கே கல்வியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. ஆண்டுக்கு நான்கு பருவங்கள். பிள்ளைக்கு 7 வயது நிறையும் ஆண்டில் கிரேடு 1 என்பது பொதுவான கணக்கு. சேரும் ஆண்டின் ஜூன் 30-க்குள் 6 வயது நிறையும் பிள்ளையையும் சேர்க்க வழி இருக்கிறது. கிரேடு 1-க்கு முந்தைய ஆண்டு கிரேடு ஆர். 2024-ல் கையெழுத்தான பேலா சட்டம் (அடிப்படைக் கல்விச் சட்டங்களின் திருத்தச் சட்டம்) அதையும் கட்டாயமாக்கியிருக்கிறது.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் குழம்புவது இந்த இடத்தில்தான். 2019 செப்டம்பரில் பிறந்த பிள்ளை அங்கே 2025 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருக்கும். இங்கே அதே பிள்ளைக்கு கிரேடு 1 தொடங்குவது 2026 ஜனவரியில். ஆக, 2026 ஜூனில் வந்து இறங்கினால், இரண்டாம் வகுப்புக்குப் போக வேண்டிய பிள்ளையை கிரேடு 1-ன் நடுவில் உட்கார வைப்பார்கள். "ஒரு வருஷம் வீணாகிறதே" என்று அலுவலகத்தில் வாதாடும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். வீணாவது அரை ஆண்டுதான். புது நாடு, புது உச்சரிப்பு, புதுச் சிநேகிதர்கள் என்று எல்லாம் ஒரே நேரத்தில் வரும்போது, தெரிந்த பாடத்தையே கொஞ்ச நாள் படிப்பது பிள்ளைக்கு நல்லது. அந்த அரை ஆண்டில் அது ஊரைப் படித்துக்கொள்ளும்.

படி 2: மாகாணத்துக்கு மாகாணம் விண்ணப்பம் வேறு

டர்பன் இருக்கும் குவாசூலு-நட்டாலில் நேராகப் பள்ளிக்கே போய் விண்ணப்பிக்க வேண்டும். ஜோகன்னஸ்பர்க்கும் பிரிட்டோரியாவும் இருக்கும் கவுட்டெங் மாகாணத்தில் கிரேடு 1-க்கும் கிரேடு 8-க்கும் ஆன்லைன்தான். அடுத்த ஆண்டு சேர்க்கைக்கு இந்த ஆண்டின் நடுப்பகுதியிலேயே தளம் திறந்துவிடும். குறைந்தது மூன்று பள்ளிகள், அதிகம் ஐந்து பள்ளிகளைத் தேர்ந்தெடுக்கலாம். மற்ற வகுப்புகளுக்கு அங்கேயும் பள்ளியில்தான் நேரில் கேட்க வேண்டும். மேற்கு கேப் மாகாணத்துக்குத் தனித் தளம் இருக்கிறது. அங்கே இன்னும் சீக்கிரம் திறக்கிறார்கள்.

படி 3: ஃபீடர் ஸோனைப் பார்த்து வீடு தேடுங்கள்

ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் ஓர் எல்லை உண்டு. அதைத்தான் ஃபீடர் ஸோன் என்கிறார்கள். கவுட்டெங்கில் இடம் ஒதுக்கும்போது, வீடு அந்த எல்லைக்குள் இருக்கும் பிள்ளைக்கு முதலிடம். அடுத்து, அதே பள்ளியில் அண்ணனோ அக்காவோ படிக்கும் பிள்ளை. மூன்றாவது, அப்பா அம்மாவின் வேலையிடம் எல்லைக்குள் இருப்பவர்கள். அப்புறம் 30 கிலோமீட்டருக்குள் வீடு உள்ளவர்கள், கடைசியாக அதற்கும் வெளியே இருப்பவர்கள்.

வேலையிடம் மூன்றாவதாக வருவதைக் கவனியுங்கள். ஜோகன்னஸ்பர்க்குக்கும் பிரிட்டோரியாவுக்கும் நடுவே மிட்ராண்டில் ஆபீஸ், வாடகை குறைவென்று தள்ளி ஓரிடத்தில் வீடு என்று இருப்பவர்களுக்கு இது ஒரு கூடுதல் கதவு. ஆனால் அந்தக் கதவு வழியே போனால், பிள்ளை தினமும் உங்களோடு என்1 நெடுஞ்சாலையின் காலை நெரிசலில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆறு வயதுப் பிள்ளைக்கு அது பெரிய தண்டனை. வீட்டிலிருந்து பதினைந்து இருபது நிமிடத்துக்குள் இருக்கும் சுமாரான பள்ளியே, ஒரு மணி நேரம் தள்ளியிருக்கும் பெயர்பெற்ற பள்ளியை விட மேல் என்பது என் உறுதியான எண்ணம்.

வீட்டு ஏஜென்ட் "இந்த ஏரியாவுக்கு அந்த ஸ்கூல்தான்" என்று சொன்னால் அதை மட்டும் நம்பாதீர்கள். தெருப் பெயரையும் வீட்டு எண்ணையும் சொல்லிப் பள்ளிக்கே போன் செய்து கேளுங்கள். சில இடங்களில் தெருவின் ஒரு பக்கம் எல்லைக்குள்ளும் மறுபக்கம் வெளியிலும் இருக்கும்.

மாவட்ட அலுவலகம் எது என்பதையும் குறித்துவையுங்கள். பள்ளியில் தீராத சிக்கல் அங்கேதான் போகும். லெனேசியா ஜோகன்னஸ்பர்க் தெற்கு மாவட்டத்தில் வருகிறது, பிரிட்டோரியா பக்கம் லாடியம் ட்ஷ்வானே தெற்கில். டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்துக்கு உம்லாசி மாவட்டம், ஃபீனிக்ஸுக்குப் பைன்டவுன் மாவட்டம்.

படி 4: பள்ளி விடும் நேரத்தில் போய் நில்லுங்கள்

ஓபன் டே அன்று எல்லாப் பள்ளியும் அழகாக இருக்கும். சாதாரணச் செவ்வாய், புதன்கிழமையில் பள்ளி விடும் நேரத்துக்குப் போய் கேட்டுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். கிரேடு 1 பிள்ளைகளை ஆசிரியை கூடவே வந்து ஒப்படைக்கிறாரா, இல்லை கேட்டைத் திறந்துவிட்டதும் பிள்ளைகள் தாமாக ஓடிவருகிறார்களா? யார் வந்து கூப்பிட்டாலும் அனுப்பிவிடுகிறார்களா, பெயர் கேட்டு அனுப்புகிறார்களா? மினிபஸ்கள் எங்கே நிற்கின்றன, ஒரு வண்டியில் எத்தனை பிள்ளைகளை ஏற்றுகிறார்கள்? பத்துப் பேர் உட்காரும் வண்டியில் மடிமேல் மடியாகப் பிள்ளைகள் ஏறினால் அந்த வண்டிக்காரரை உங்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். அங்கே காத்திருக்கும் ஆயாக்களிடமும் ஆன்ட்டிகளிடமும் பேச்சுக் கொடுங்கள். பிரின்சிபால் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

சின்ன வகுப்புகள் மதியம் ஒன்று, இரண்டு மணிவாக்கில் முடிந்துவிடும். இருவரும் வேலைக்குப் போகிற வீடு என்றால், பள்ளியிலேயே ஆஃப்டர்கேர் (வகுப்பு முடிந்தபின் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு) உண்டா, அதற்குத் தனியாக எவ்வளவு என்று கேளுங்கள்.

சீருடை விதிகளையும் வாங்கிப் படியுங்கள். மூக்குத்தி, கையில் கட்டிய காப்புக்கயிறு, காவடி நேரத்து விரதம் இவற்றுக்கெல்லாம் பள்ளி எப்படி இடம் கொடுக்கிறது என்று சேர்வதற்கு முன்பே பேசிவிடுவது நல்லது. டர்பனில் ஒரு பள்ளியில் தென்னிந்தியக் குடும்பத்து மாணவியின் மூக்குத்திக்கு அனுமதி மறுத்த விவகாரம் அரசியல் சாசன நீதிமன்றம் வரை போனது. விதிவிலக்கு தர மறுத்தது நியாயமற்ற பாகுபாடு என்று 2007-ல் தீர்ப்பு வந்தது. 'பிள்ளை வழக்கு' என்று சொன்னால் பள்ளிகளுக்குத் தெரியும்.

படி 5: இரண்டாவது மொழி எது என்று கேளுங்கள்

நம்மவர்கள் அதிகம் கேட்காத கேள்வி இது. கேட்டே ஆக வேண்டிய கேள்வியும் இதுதான். ஆங்கிலத்தை வீட்டுமொழியாக, அதாவது முதன்மை மொழிப் பாடமாக, எடுக்கும் பள்ளியிலும், முதல் கூடுதல் மொழி என்று இன்னொன்று கட்டாயம். டர்பனில் அது இசிசூலுவாகவோ (சூலு மொழி) ஆஃப்ரிகான்ஸாகவோ இருக்கும். பிரிட்டோரியா பக்கம் ஆஃப்ரிகான்ஸ், செபெடி, செட்ஸ்வானா என்று பள்ளிக்குப் பள்ளி மாறும்.

கிரேடு 1-ல் மாறினால் பிரச்சினை இல்லை. பாட்டு, படம், நிறங்களின் பெயர் என்று போகும். கிரேடு 4-க்கு மேல் கதை வேறு. அங்கே பத்தி எழுத வேண்டும், தேர்வு எழுத வேண்டும், அடுத்த வகுப்புக்குப் போக அந்த மொழியிலும் தேற வேண்டும். மூன்று ஆண்டு இசிசூலு படித்த பெரியவளை ஆஃப்ரிகான்ஸ் மட்டுமே உள்ள பள்ளியில் சேர்த்தால், முதல் ஆண்டு டியூஷன் இல்லாமல் முடியாது. அதனால் பெரிய பிள்ளைக்கு ஏற்கெனவே படித்த மொழி இருக்கும் பள்ளியை முதலில் தேடுங்கள். சின்னது எதையும் பிடித்துக்கொள்ளும், அண்ணன் அக்கா படிக்கும் பள்ளி என்ற முன்னுரிமையும் அதற்குக் கிடைக்கும்.

தமிழ் வேண்டும் என்பவர்களுக்கு: குவாசூலு-நட்டால் பள்ளிகளில் தமிழ், இந்தி, தெலுங்கு, குஜராத்தி, உருது ஆகிய ஐந்தையும் விருப்பப் பாடமாக மீண்டும் கொண்டுவரும் முடிவு 2014-ல் வந்தது. ஆசிரியர் இருக்கும் பள்ளியில்தான் அது நடக்கும் என்பதால் நேரில் கேளுங்கள். மற்ற இடங்களில் கோயில்களில் விசாரித்துப் பார்க்கலாம். பிரிட்டோரியாவில் மாராபாஸ்டாட் மாரியம்மன் கோயில், ஜோகன்னஸ்பர்க்கில் மெல்ரோஸ் சிவசுப்ரமணியர் கோயில் பக்கம் போனாலே யாரையாவது கைகாட்டுவார்கள்.

படி 6: காகிதங்கள்

பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசிப் புத்தகம், பெற்றோரின் அடையாள ஆவணம் அல்லது பாஸ்போர்ட், வீட்டு ஒப்பந்தம் அல்லது நகராட்சி பில், கடைசி ரிப்போர்ட், பழைய பள்ளியின் டிரான்ஸ்ஃபர் லெட்டர். பில் உங்கள் பெயரில் இல்லாவிட்டால் காவல் நிலையத்தில் அஃபிடவிட் எழுதி வாங்கலாம். நகல்களுக்கு முத்திரை போடுவதும் அங்கேதான். அசலையும் நகலையும் சேர்த்துக் கவுண்டரில் வையுங்கள். இரண்டையும் ஒப்பிட்டு முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டுத் தருவார்கள். இதற்குக் காசு கிடையாது. நாலைந்து செட் ஒரே நேரத்தில் முடித்துவிடுங்கள். கவுட்டெங் ஆன்லைனில் விண்ணப்பித்த 7 நாட்களுக்குள் ஆவணங்கள் போய்ச் சேர வேண்டும்.

விசாவில் இருப்பவர்களே, பிள்ளையின் படிப்பு விசாவுக்குப் பள்ளியின் சேர்க்கைக் கடிதம் தேவை. விசாவில் பழைய பள்ளியின் பெயர் அச்சாகியிருந்தால், மாறும் முன் அதற்கும் வழி கேளுங்கள்.

படி 7: கட்டணம்

அரசுப் பள்ளிகளை ஐந்து பிரிவாகப் பிரித்திருக்கிறார்கள். 1 முதல் 3 வரை கட்டணம் இல்லை. 4, 5 பிரிவுகளில் உண்டு. இந்த எண் சுற்றுவட்டாரத்தின் வசதியைக் காட்டுவது. கற்பிக்கும் தரத்துக்கான மதிப்பெண்ணாக அதை எடுக்காதீர்கள். வருமானம் குறைவென்றால் முழு விலக்கோ பகுதி விலக்கோ கேட்டு விண்ணப்பிக்கலாம். கட்டணம் கட்ட முடியாது என்பதற்காக அரசுப் பள்ளி இடம் மறுக்கக் கூடாது. சேர்க்கைக்காகத் தேர்வு வைக்கவும் கூடாது. இரண்டுமே 1996-ம் ஆண்டுப் பள்ளிகள் சட்டத்தில் இருப்பவை.

படி 8: இடம் கிடைக்காவிட்டால்

மறுப்பை வாய்வார்த்தையாக வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள், காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள். அதோடு மாவட்ட அலுவலகத்துக்குப் போங்கள். அங்கேயும் முடியாவிட்டால் மாகாணக் கல்வி அமைச்சருக்கு மேல்முறையீடு செய்ய உங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு. இதற்கெல்லாம் நாள் கெடு இருப்பதால் கடிதம் வந்த அன்றே தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். இதற்கிடையில், எல்லைக்குள் இருக்கும் வேறு பள்ளி இடம் கொடுத்தால் அதை ஏற்றுக்கொண்டு பிள்ளையை அனுப்பத் தொடங்குங்கள். மேல்முறையீடு தன்பாட்டுக்கு நடக்கட்டும்.