பிங் போகிறது, பக்கம் திறக்கவில்லை: ஐபிவி6 டன்னலில் கோட்டைவிடும் இடங்கள்

இணையத்தின் புதிய முகவரி முறையான ஐபிவி6-ஐப் பழைய ஐபிவி4 லைனுக்குள் பொதிந்து கடத்துவதுதான் டன்னல். அதைப் போடக் கிளம்பும் முன் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தை ஒருமுறை பாருங்கள். சில இடங்களில் லைனில் ஐபிவி6 நேரடியாகவே வந்துகொண்டிருக்கும், ரவுட்டரில் அணைத்து வைத்திருப்பார்கள். அப்படியென்றால் டன்னலே வேண்டாம். மதுரையில் ஏரியா கேபிள்காரரிடம் ஃபைபர் எடுத்து, ஐபிவி4 மட்டும் கிடைக்கிறவர்களுக்குத்தான் மேற்கொண்டு சொல்வது.

அடுத்து, ரவுட்டருக்கு வந்திருக்கும் முகவரி. அது 100.64-லிருந்து 100.127-க்குள் தொடங்கினால், பொது முகவரி உங்களுடையது அல்ல. பல வீடுகள் சேர்ந்து ஒன்றைப் பகிர்கின்றன. ஐபிவி6 பாக்கெட்டை அப்படியே ஐபிவி4 பாக்கெட்டுக்குள் வைக்கும் சாதாரண 6இன்4 டன்னல் அங்கே எடுபடாது. எது எந்த வீட்டுக்கு என்று பிரிப்பது போர்ட் எண்ணை வைத்துத்தான். 6இன்4 பாக்கெட்டிலோ போர்ட் எண்ணே கிடையாது, நெறிமுறை எண் 41 மட்டும்தான். இதைப் புரிந்துகொள்ளாமல் ரவுட்டரில் டிசிபி போர்ட் 41-ஐத் திறந்துவிட்டு நாள் முழுக்கக் காத்திருப்பவர்கள் உண்டு. பகிர்ந்த முகவரிக்காரர்கள் போர்ட் எண்ணுள்ள யுடிபி மேல் ஓடும் வயர்கார்டு மாதிரி டன்னல் ஒன்றைத்தான் நாட வேண்டும்.

சரி, டன்னல் ஏறிவிட்டது. சிம்மக்கல்லில் ஒரு கடை என்று வைத்துக்கொள்வோம். பிங் அடித்தால் பதில் வருகிறது, சில தளங்கள் திறக்கின்றன, சில பாதியில் சுற்றிக்கொண்டே நிற்கின்றன. உடனே லைன்காரருக்கு போன் போடுவார்கள். பாவம், அவர் என்ன செய்வார்? கோளாறு எம்டியுவில், அதாவது ஒரு பாக்கெட் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்ற வரம்பில். சாதாரண பாக்கெட்டின் உச்சம் 1500 பைட். கடை லைன் பிபிபிஓஇ (பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்து இணையும் முறை) என்றால் அது 8 பைட்டைப் பிடித்துக்கொண்டு 1492 ஆக்கும். ஐபிவி6 பாக்கெட்டைச் சுற்றி வரும் ஐபிவி4 தலைப்புக்கு இன்னும் 20. மிஞ்சுவது 1472. ரவுட்டரிலோ பழக்கதோஷத்தில் 1480 இருக்கும். பிங் பாக்கெட் நூறு பைட் அளவு, அது நுழைந்துவிடும். பெரிய பக்கம் மாட்டிக்கொள்ளும்.

ஐபிவி6-இல் நடுவழி ரவுட்டர் பாக்கெட்டை உடைக்காது. 'பெரிதாக இருக்கிறது' என்று ஐசிஎம்பிவி6 (பிழை, நிலைத் தகவல் சொல்லும் நெறிமுறை) செய்தியைத் திருப்பி அனுப்பும். பாதுகாப்பு என்று நினைத்து ஐசிஎம்பிவி6-ஐ மொத்தமாகத் தடுத்து வைத்தால் அந்தச் செய்தியும் வராது. தடையை நீக்குங்கள், டன்னலின் இரண்டு முனையிலும் 1472 வையுங்கள், டிசிபி எம்எஸ்எஸ்ஸை (தலைப்புகள் போக ஒரு பாக்கெட்டில் போகும் தரவின் உச்சம்) 1412 என்று கட்டுங்கள். கணக்குப் போடச் சோம்பலா? 1280 வைத்துவிடுங்கள். அதைத் தாங்காத ஐபிவி6 இணைப்பே இருக்கக்கூடாது என்பது விதி. வேகம் கொஞ்சம் குறையும், பெரிய நஷ்டமில்லை.

டன்னலின் மறுமுனை சர்வரைப் பக்கத்தில் தேர்ந்தெடுங்கள். அமெரிக்காவில் வைத்தால் சென்னை சர்வருக்குப் போகும் பாக்கெட்டும் அமெரிக்கா சுற்றித்தான் வரும். சிங்கப்பூர் பரவாயில்லை. அப்புறம், மின்தடை முடிந்து ரவுட்டர் எழும்போது ஐபிவி4 முகவரி மாறியிருந்தால் டன்னல் செத்துப்போகும். புது முகவரியை மறுமுனைக்குத் தானே தெரிவிக்கும் ஸ்கிரிப்ட் போட்டு வையுங்கள். பிரவுசர் சத்தமில்லாமல் ஐபிவி4-க்குத் தாவிவிடுவதால் டன்னல் செத்தது பல நாள் தெரியாது.

2002 என்று தொடங்கும் 6டு4 (பழைய தானியங்கி டன்னல் முறை) முகவரிகளைப் பரிந்துரைக்கும் பழைய குறிப்புகளை மூடிவிடுங்கள். அது நம்பியிருந்த 192.88.99.1 வழியை 2015-லேயே கைவிடச் சொல்லிவிட்டார்கள்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் ஃபயர்வால்தான். ஐபிவி4-இல் NAT-க்கு (ஒரே பொது முகவரியை உள்ளிருக்கும் எல்லாக் கருவிகளும் பகிரும் முறை) பின்னால் பதுங்கியிருந்த சிசிடிவி பெட்டிக்கும் பில் போடும் கணினிக்கும் டன்னல் வந்ததும் ஆளுக்கொரு பொது முகவரி கிடைத்துவிடும். லினக்ஸ் ரவுட்டரில் ஐபிவி4-க்கான ஃபயர்வாலான ஐபிடேபிள்ஸின் விதிகள் டன்னலுக்குள் இருப்பதைத் தொடாது; ஐபிவி6-க்கான ஐபி6டேபிள்ஸில் தனியாக எழுத வேண்டும். உள்ளிருந்து தொடங்கிய இணைப்புக்கான பதிலையும் தேவையான ஐசிஎம்பிவி6-ஐயும் விட்டு, வெளியிலிருந்து வரும் மற்றதைத் தடுத்துவிடுங்கள். டன்னலை ஏற்றுவதற்கு முன்பே.