ஸ்மார்ட் வீட்டுக்கு மெஷ் வாங்கும் முன்: அணையாத ப்ளக்குகளைக் கணக்கெடுங்கள்

எங்கள் வீட்டு மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியில் ஒரு சென்சார் வைத்திருக்கிறேன். தண்ணீர் நிறைந்தால் போனுக்குச் செய்தி வரும். வைத்த புதிதில் தினமும் இரவு பத்து மணிவாக்கில் அது காணாமல் போகும், விடிந்ததும் தானாக வந்துவிடும். பேட்டரியை மாற்றினேன். சென்சாரையே மாற்றினேன். இரண்டு வாரம் கழித்துத்தான் பிடிபட்டது: மாடிப்படியில் இருக்கும் ஸ்மார்ட் பல்பை அம்மா படுக்கப் போகும்போது சுவர் சுவிட்சில் அணைத்துவிடுகிறார், காலையில் எழுந்ததும் போடுகிறார். தொட்டியின் சிக்னல் அந்த பல்ப் வழியாகத்தான் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. இப்படி ஒரு சாதனம் இன்னொன்றின் வழியாகப் பேசும் வலைக்குத்தான் மெஷ் என்று பெயர்.

அம்மா மேல் தப்பில்லை. வேண்டாத விளக்கை அணைப்பதுதான் வழக்கம். வீட்டைப் பார்க்காமல் பொருளை மட்டும் பார்த்து வாங்கியது நான்தான். நீங்களாவது முறைப்படி தொடங்குங்கள்.

படி 1: எந்த மெஷ் என்று தெளிவாகுங்கள்

கடையில் போய் "மெஷ்" என்று கேட்டால் இரண்டு மூன்று வெள்ளைப் பெட்டிகள் கொண்ட வைஃபை மெஷ்ஷைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். போன், டிவி, கேமரா எல்லாவற்றுக்கும் அது நல்லது. ஆனால் கதவு சென்சார், நடமாட்ட சென்சார், தொட்டி சென்சார் போன்றவை சின்ன பேட்டரியில் ஒரு வருடம், இரண்டு வருடம் ஓட வேண்டும். வைஃபை அதற்குத் தோதுப்படாது, பேட்டரியைக் குடித்துவிடும். இவற்றுக்கென்றே இருப்பவை ஜிக்பீ, த்ரெட், இசட்-வேவ் என்ற வயர்லெஸ் முறைகள். இந்தக் கட்டுரை அவற்றைப் பற்றித்தான்.

தளம் போடும் நாளில் கலவைச் சட்டியை ஆட்கள் வரிசையாக நின்று கைமாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். மெஷ் வேலை செய்வதும் அப்படித்தான். சட்டி கடைசியில் போய்ச் சேரும் இடம் ஹப், அதாவது எல்லாச் சாதனங்களையும் கட்டி மேய்க்கும் தலைமைப் பெட்டி. நடுவில் நின்று கைமாற்றுபவை, நேரடிக் கரண்டில் ஓடும் ப்ளக், பல்ப், சுவிட்ச் போன்ற சாதனங்கள். இவற்றுக்கு ரவுட்டர் என்று பெயர் (வைஃபை ரவுட்டர் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்). பேட்டரியில் ஓடுபவை பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருக்கும், தன் சேதியை மட்டும் சொல்லிவிட்டு மறுபடியும் தூங்கும். அடுத்தவர் சட்டியை வாங்காது. அதனால் பேட்டரி சென்சார் எத்தனை வாங்கிப் போட்டாலும் மெஷ் பலப்படாது.

படி 2: ஒரு தாளில் வீட்டை வரையுங்கள்

அவசரப்படாமல் செய்ய வேண்டியது இந்தப் படிதான். அறைகளை வரைந்து, ஒன்பது அங்குலச் செங்கல் சுவர்களைத் தடித்த கோட்டில் குறியுங்கள். தளத்துக்குத் தளம் கம்பி கட்டிய கான்கிரீட் கூரை, இரும்பு பீரோ, ஃபிரிட்ஜ், தண்ணீர்த் தொட்டி எல்லாமே 2.4 கிகாஹெர்ட்ஸ் (ஜிக்பீ, த்ரெட், பல வைஃபைகள் ஓடும் அலைவரிசை) சிக்னலைத் தின்பவை. பீரோவுக்குப் பின்னால் ஹப்பை வைத்துவிட்டு ஹப் சரியில்லை என்று சொல்பவர்கள் உண்டு.

அப்புறம், எப்போதும் அணைக்கப்படாத ப்ளக் பாயின்ட்டுகளை வட்டமிடுங்கள். ஃபிரிட்ஜ் இருக்கும் மூலை, வைஃபை ரவுட்டர் இருக்கும் இடம், தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் மாட்டிய இடம் இப்படி. நம் வீட்டு ப்ளக்குகளில் தனித்தனி சுவிட்ச் இருப்பதால், யார் கைக்கு எட்டும் என்பதையும் யோசியுங்கள். இன்வெர்ட்டர் லைனில் வரும் பாயின்ட்டுகளுக்கு இரட்டை வட்டம். கரண்ட் போனால் மிச்சமிருப்பது அவைதான்.

என் கணக்கு இது: ஒரு வட்டத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு சுவருக்கு மேல் வேண்டாம், தூரம் ஏழெட்டு மீட்டருக்குள் இருக்கட்டும். மாடிக்கு ஏற மாடிப்படி நல்ல வழி. கூரையைத் துளைத்துப் போவதைவிட, படியின் திறப்பு வழியாகச் சிக்னல் எளிதாக ஏறும்.

படி 3: மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

இசட்-வேவ் 2.4 கிகாஹெர்ட்ஸில் இல்லை, அதனால் வைஃபையோடு மோதாது, சுவரையும் நன்றாகத் தாண்டும். ஆனால் நாட்டுக்கு நாடு அலைவரிசை மாறும். இந்தியாவில் 865.2 மெகாஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 908.42. அமெரிக்காவில் இருக்கும் மாமா ஆசையாக வாங்கி வரும் பூட்டு இங்கே ஹப்போடு பேசாது. வகைகளும் இங்கே குறைவு. ஆரம்பத்தில் விட்டுவிடலாம்.

த்ரெட் புதியது. வெவ்வேறு கம்பெனிச் சாதனங்கள் ஒன்றோடொன்று பேச 2022 அக்டோபரில் வந்த மேட்டர் என்ற பொதுத் தரத்தோடு சேர்த்து இதன் பெயரைக் கேட்டிருப்பீர்கள். பெட்டியில் "மேட்டர்" என்று போட்டிருந்தால் உள்ளே த்ரெட் என்று நினைத்துவிடாதீர்கள், வைஃபையிலும் மேட்டர் ஓடும். த்ரெட் என்று தனியாக எழுதியிருக்கிறதா பாருங்கள். இதற்கு பார்டர் ரவுட்டர் என்ற, த்ரெட் வலையை வீட்டு வைஃபையோடு இணைக்கும் வாசல் வேண்டும். ஆப்பிளின் ஹோம்பாட் மினி ஸ்பீக்கர், கூகுளின் இரண்டாம் தலைமுறை நெஸ்ட் ஹப் திரை, அமேசானின் நான்காம் தலைமுறை எக்கோ ஸ்பீக்கர் ஆகியவற்றில் அது உள்ளேயே உண்டு. இவற்றில் ஒன்று ஏற்கெனவே வீட்டில் இருந்தால் த்ரெட்டை யோசிக்கலாம். ஆனால் வெவ்வேறு கம்பெனிப் பெட்டிகள் தனித்தனி த்ரெட் வலைகளாகப் பிரிந்து நின்று தொல்லை கொடுப்பதுண்டு.

ஜிக்பீ பழைய ஆள். பொருள்கள் ஏராளம், விலையும் கைக்கு அடக்கம். ஏதாவது தகராறு என்றால் முன்பே யாரோ பட்டுத் தீர்த்திருப்பார்கள். முதல் மெஷ்ஷுக்கு நான் ஜிக்பீயைத்தான் சொல்வேன்.

படி 4: ஹப்

மென்பொருளோடு மல்லுக்கட்ட விருப்பமில்லை என்றால் ரெடிமேட் ஹப் வாங்குங்கள். மேலே சொன்ன நான்காம் தலைமுறை எக்கோவில் ஜிக்பீ ஹப்பும் சேர்ந்தே இருக்கிறது. நோண்டிப் பார்க்கும் குணம் இருந்தால் ஒரு சின்ன கம்ப்யூட்டர், ஒரு ஜிக்பீ யு.எஸ்.பி டாங்கிள் (பென் டிரைவ் போல யு.எஸ்.பியில் செருகும் சிக்னல் கருவி), ஹோம் அசிஸ்டன்ட் என்ற இலவச மென்பொருள் போதும். எந்தச் சாதனம் யார் வழியாகப் பேசுகிறது என்ற வரைபடத்தையே இது காட்டும். எங்கள் வீட்டு மாடிப்படி பல்பை நான் கண்டுபிடித்தது அப்படித்தான்.

டாங்கிளை நேரடியாகக் கம்ப்யூட்டரில் செருகாதீர்கள். யு.எஸ்.பி 3.0 போர்ட்டுகள் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சலைக் கிளப்பும். ஒரு மீட்டர் நீட்டிப்பு கேபிள் போட்டுத் தள்ளி வையுங்கள். வைஃபை ரவுட்டரின் தலைமேலும் வைக்க வேண்டாம். எந்த ஹப்பாக இருந்தாலும் இன்வெர்ட்டர் லைனில் இருக்கட்டும்.

படி 5: சேனலை முதலிலேயே முடிவு செய்யுங்கள்

சேனல் என்பது அலைவரிசைக்குள் ஒரு பாதை மாதிரி. ஜிக்பீக்கு 11 முதல் 26 வரை 16 சேனல்கள். வைஃபை சேனல் 1 இருக்கும் இடத்தில் ஜிக்பீயின் 11 முதல் 14 வரை மாட்டிக்கொள்ளும், வைஃபை 6 என்றால் 16 முதல் 19, வைஃபை 11 என்றால் 21 முதல் 24. உங்கள் வைஃபை 1 அல்லது 6-இல் இருந்தால் ஜிக்பீக்கு 25-ஐ வையுங்கள், 11-இல் இருந்தால் 15. வைஃபையின் 2.4 அலைவரிசை அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் நிறுத்திவிடுங்கள். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டால், சில சாதனங்களை ஒவ்வொன்றாக மறுபடி இணைக்க வேண்டிவரும். ரெடிமேட் ஹப்பில் ஜிக்பீ சேனலை மாற்ற வழியில்லை என்றால் வைஃபை சேனலை நகர்த்துங்கள்.

படி 6: முதலில் ப்ளக், பிறகு சென்சார்

வட்டமிட்ட இடங்களில் ஜிக்பீ ஸ்மார்ட் ப்ளக்குகளை மாட்டுங்கள். அவற்றில் எதையும் செருக வேண்டும் என்றில்லை, சும்மா இருந்தாலே சட்டியைக் கைமாற்றும். மூன்று அறை வீட்டுக்கு மூன்று நான்கு ப்ளக் போதுமானது.

சுவிட்ச் போர்டுக்குள் வைக்கும் சின்ன மாட்யூல்களும் நல்ல ரவுட்டர்கள்தான், நியூட்ரல் ஒயர் இருந்தால். நியூட்ரல் இல்லாமல் ஓடும் மாடல்கள் பெரும்பாலும் கைமாற்றும் வேலையைச் செய்வதில்லை. பெட்டியில் இதைச் சின்ன எழுத்தில்தான் போடுவார்கள். ப்ளக் சாக்கெட்டும் இருக்கும் போர்டுகளில் நியூட்ரல் இருக்கும், வெறும் சுவிட்ச் போர்டில் சந்தேகம்தான். எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ரவுட்டர்கள் சேர்ந்த பிறகு ஒரு நாள் விட்டுவிடுங்கள். அப்புறம் ஒவ்வொரு சென்சாரையும் அது நிற்கப்போகும் இடத்திலேயே வைத்து இணையுங்கள். ஹப் பக்கத்தில் வைத்து இணைத்துவிட்டு மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனால், சில சென்சார்கள் பழைய தொடர்பையே பிடித்துத் தொங்கும்.

படி 7: இரவு பத்து மணிச் சோதனை

வீட்டில் எல்லோரும் படுக்கும்போது எதையெல்லாம் அணைப்பார்களோ, அதையெல்லாம் அணைத்துவிட்டு ஒவ்வொரு சென்சாரையும் சீண்டிப் பாருங்கள். பிறகு மெயின் சுவிட்சை இறக்கி, இன்வெர்ட்டரில் மட்டும் ஓடவிட்டு அதையே மறுபடி செய்யுங்கள். எது பதில் சொல்லவில்லையோ, அதற்கும் ஹப்புக்கும் நடுவில் இரட்டை வட்டமிட்ட இடம் ஒன்றில் இன்னொரு ப்ளக் போடுங்கள். எங்கள் வீட்டில் அது மாடிப்படித் திருப்பத்தில், கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. அம்மா இப்போதும் பல்பை அணைக்கிறார்.