ரெக்கார்டில் 40320, திரையில் மைனஸ்: சின்னக் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிப்பவர்கள் செய்யும் தவறுகள்

முதல் செமஸ்டர், சி மொழிக்கான லேப். செங்குன்றம் தாண்டி ஒரு சின்னக் கல்லூரி. இருபது கம்ப்யூட்டரில் நாலு எப்போதும் படுத்துக்கிடக்கும். மிச்சத்தில் டர்போ சி, சி ப்ரோகிராம் எழுதி ஓட்டும் பழைய மென்பொருள், அந்த நீலத் திரை. ஃபேக்டோரியல் (1-லிருந்து ஒரு எண் வரை எல்லாவற்றையும் பெருக்குவது) ப்ரோகிராமுக்கு 7 கொடுத்தேன், 5040 வந்தது. 8 கொடுத்தேன், -25216. பக்கத்து சிஸ்டத்திலும் அதே கதைதான். சீனியர் அண்ணனின் லேப் ரெக்கார்ட் நோட்டைப் புரட்டினால் 40320 என்று இருந்தது. நானும் அதையே எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டேன்.

என் மூன்று வருடத் தவறுகளில் இதற்குத்தான் முதலிடம். டர்போ சி டாஸ் காலத்துச் சரக்கு. அதில் முழு எண்ணை வைக்கும் இன்ட்டுக்கு 16 பிட்தான், 32767-க்கு மேல் கொள்ளாது. 40320 அதைத் தாண்டிவிடுவதால் 16 பிட்டின் மொத்த அளவான 65536 கழிந்து, மிச்சம் -25216 என்று நிற்கிறது. அன்றைக்கு ஒரு பத்து நிமிடம் நின்று யோசித்திருந்தால் பிட், மெமரி, டேட்டா டைப் மூன்றும் ஒரே மூச்சில் புரிந்திருக்கும். இப்போது ஜிசிசி என்ற புதிய கம்பைலர் வைத்திருப்பவர்கள் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். அதில் இன்ட் 32 பிட், 12 வரை சரியாக வரும். 13 கொடுத்தால் பெரும்பாலும் 1932053504 என்று வரும். சரியான விடை 6227020800. மைனஸ்கூட இல்லாததால் தப்பு என்றே தோன்றாது. போட்டுப் பாருங்கள்.

சின்னக் கல்லூரியில் இதற்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. வகுப்பே ஒரே ரெக்கார்டைப் பார்த்து எழுதும். எல்லோருடைய விடையும் ஒன்றாக இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. இப்போது அந்த சீனியர் ரெக்கார்டின் இடத்தில் சாட்ஜிபிடி உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். கேளுங்கள், தப்பில்லை. ஆனால் வாங்கிய ப்ரோகிராமை ஓட்டி, ஒரு வரியை மாற்றி, உடைத்துப் பார்க்காமல் எழுதி வைக்காதீர்கள்.

அப்புறம், "நம்ம காலேஜ்ல என்னத்த சொல்லித்தரப் போறாங்க" என்று வெளியே ஓடுவது. வேளச்சேரியிலும் வடபழனியிலும் மாடிக்கு மாடி கோர்ஸ் நடக்கிறது. வீட்டில் நகையை வைத்து ஃபுல் ஸ்டாக் (வெப்சைட்டை முழுதாகக் கட்டும்) கோர்ஸ் சேர்ந்த நண்பன் எனக்கு உண்டு. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் ஃபார் லூப்பே தடுமாறும் நிலையில், வெப்சைட் கட்டும் ரியாக்ட் படிக்கப் போனான். கிண்டியில் இருக்கும் ஐஐடி பேராசிரியர்களின் வகுப்புகள் என்பிடெல் என்ற இணையதளத்தில் இலவசமாகக் கிடக்கின்றன. சான்றிதழ் தேர்வுக்கு மட்டும்தான் பணம். உட்கார்ந்து படிக்க இடமில்லை என்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குச் சொந்தப் புத்தகத்தோடே போகலாம். சொந்தக் கல்லூரி லேப்பையும் மறந்துவிடாதீர்கள். மூன்றரைக்குக் காலேஜ் பஸ் கிளம்பியதும் அது காலி. லேப் அசிஸ்டெண்ட் அண்ணனிடம் கேட்டால் ஐந்து மணி வரை உட்கார விடுவார். வீட்டுக்கு மாநகரப் பேருந்தில் தொங்கிக்கொண்டு போக வேண்டும், அது ஒன்றுதான் செலவு. படுத்துக்கிடக்கும் சிஸ்டம் ஒன்றைக் கேட்டு வாங்கி லினக்ஸ் போட்டுப் பார்த்தது அங்கேதான். பெரிய கல்லூரியில் இந்தச் சலுகை கிடைக்குமா என்பது சந்தேகமே.

ஆபரேட்டிங் சிஸ்டத்தைத் தியரி பேப்பர் என்று ஒதுக்கிக் கைடில் முடிப்பதும் பரவலான பழக்கம். ஒன்றுக்கொன்று காத்திருந்து எல்லாமே நின்றுபோகும் டெட்லாக்கின் நாலு நிபந்தனைகளை எல்லோரும் ஒப்பிப்பார்கள். பைத்தானில் இரண்டு த்ரெட் (ஒரே ப்ரோகிராமுக்குள் தனித்தனியாக ஓடும் வேலைகள்), இரண்டு லாக் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டும் எடுக்கக்கூடிய பூட்டு) எழுதுங்கள். ஒன்று முதல் லாக்கை எடுத்துவிட்டு ஒரு விநாடி தூங்கி இரண்டாவதைக் கேட்கட்டும். மற்றது தலைகீழ் வரிசையில். ப்ரோகிராம் அப்படியே உறைந்து நிற்கும். அதைக் கண்ணால் பார்த்தவருக்கு மனப்பாடம் தேவைப்படாது.

அரியரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வேலைக்கு ஆள் எடுக்கக் கேம்பஸுக்கு வரும் பல நிறுவனங்கள் பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மூன்றிலும் 60 சதவீதமும், நிலுவையில் அரியர் இல்லாமலும் கேட்கின்றன. கணக்குப் பேப்பரைத் தள்ளிப்போடாதீர்கள்.

கடைசி வருட ப்ராஜெக்டைக் காசு கொடுத்து வாங்குவது இன்னொன்று. எங்கள் வகுப்பில் ஒருவன் வாங்கிய லைப்ரரி மேனேஜ்மெண்ட் ப்ராஜெக்டில், லாகின் பக்கத்தின் அடியில் வேறொரு கல்லூரியின் பெயர் இருந்தது. வைவா அன்று வெளியிலிருந்து தேர்வு நடத்த வந்த எக்ஸ்டர்னல்தான் அதை முதலில் பார்த்தார். டேட்டாபேஸில் நாலே டேபிள் வைத்து, மாவு மில் கணக்கோ சீட்டுக் கணக்கோ, உங்கள் தெருவில் யாருக்காவது உதவுகிற ஒன்றைச் சொந்தமாகச் செய்யுங்கள். அசிங்கமாக இருந்தாலும் எந்தக் கேள்விக்கும் பதில் இருக்கும்.

என் கதைக்கு வருகிறேன். சி ப்ராக்டிகல் தேர்வில் எனக்கு ஃபேக்டோரியலே வந்தது. ரெக்கார்டைப் புரட்டிய எக்ஸ்டர்னல், "எங்கே, 8 கொடுப்பா" என்றார். திரையில் -25216.

"சிஸ்டம் ப்ராப்ளம் சார்."

அவர் சிரிக்கவில்லை. இன்ட்டை 32 பிட் உள்ள லாங் என்று மாற்றச் சொன்னார், விடையைத் திரையில் காட்டும் பிரிண்ட்எஃப் வரியையும் அதற்கேற்பத் திருத்தச் சொன்னார். ஓட்டினேன். 40320.