கப்பல் விபத்து விசாரணை: எல்லாரும் பண்ற தப்புகள்

கப்பல் மோதிடுச்சு, மூழ்கிடுச்சுன்னு நியூஸ் வந்த ஒரு மணி நேரத்துலயே "கேப்டன் தூங்கிட்டான்", "இது சதிதான்"னு ஆளாளுக்கு தீர்ப்பு சொல்லிடுவாங்க, முதல் தப்பே அதுதான். 2024 மார்ச் 26 விடியக்காலைல டாலிங்கற சரக்குக் கப்பல் அமெரிக்காவுல பால்டிமோர்ல பாலத்தை இடிச்சு, மேல ரோட்டுல பள்ளம் அடைச்சிட்டு இருந்தவங்கள்ல 6 பேர் செத்தப்பவும் சதின்னுதான் கிளப்பி விட்டாங்க. அமெரிக்காவோட விபத்து விசாரணை அமைப்பான என்டிஎஸ்பி ஒன்றரை வருஷத்துக்கு மேல நோண்டி நோண்டி கடைசில வந்து நின்ன இடம் ஒரு ஒயர். ஒயருக்கு மாட்டுன லேபிள் இடிச்சதால அது டெர்மினல் பிளாக்குக்குள்ள, அதாவது ஒயரை சொருகற கட்டைக்குள்ள, முழுசா போய் உக்காரல. லூஸ் கான்டாக்ட், பிரேக்கர் ட்ரிப், கப்பல் பூரா இருட்டு. கிட்டத்தட்ட 300 மீட்டர் கப்பலுங்க, ஆயிரக்கணக்கான கனெக்‌ஷன்ல ஒண்ணு.

அடுத்தது, விபத்து நடந்த நாடு மட்டும்தான் விசாரிக்கும்னு நினைக்கிறது. ஐ.நா.வோட கப்பல் போக்குவரத்து அமைப்பான ஐஎம்ஓ கொண்டு வந்த விசாரணை விதிகள் 2010 ஜனவரி 1-லேர்ந்து அமல்ல இருக்கு. அதுப்படி கப்பல் மொத்தமா போச்சு, உயிர் போச்சு, இல்ல கடலுக்கு பெரிய நாசம்னா கண்டிப்பா விசாரிச்சே ஆகணும், கப்பல் எந்த நாட்டுக் கொடியில ஓடுதோ அந்த நாட்டுக்கு அதுல பெரிய பொறுப்பு இருக்கு. டாலி சிங்கப்பூர் கொடி, அதனால சிங்கப்பூர் விசாரணை ஆளுங்களும் போனாங்க.

இதுல ரொம்ப பேர் மாட்டிக்கிறது ஒரு இடத்துல. பாதுகாப்பு விசாரணை வேற, கிரிமினல் விசாரணை வேற. முதலாவது "ஏன் நடந்துச்சு, மறுபடி நடக்காம என்ன பண்ணலாம்"னு பார்க்கும், யாருக்கும் தண்டனை குடுக்கறது அதோட வேலை இல்ல. ரெண்டாவதுதான் கேஸ். டாலியிலயே என்டிஎஸ்பி ஒரு பக்கம் உக்காந்திருக்கும்போது ஏப்ரல்ல எஃப்பிஐ-யும் கப்பல் ஏறுச்சு. நீங்க கப்பல்ல வேலை பாக்கறவங்கன்னா, நோட்டும் கையுமா ஒருத்தர் வந்து உக்காந்தா பயத்துல கடகடன்னு பேச ஆரம்பிக்காதீங்க, "நீங்க எந்த ஆபீஸ், எந்த சட்டப்படி கேக்கறீங்க"ன்னு முதல்ல கேளுங்க. அதை சொல்றது அவங்க கடமை, வக்கீல்கிட்ட பேச வழி விடணும்னும் அந்த ஐஎம்ஓ விதிகள்லயே இருக்கு.

இப்போ கப்பல்காரங்களே பண்ற தப்பு: வீடிஆர் சேவ் பண்ண மறக்கறது. பிரிட்ஜ்ல, அதாவது கப்பலை ஓட்டற ரூம்ல, பேசறது, ரேடார், ஸ்பீடு எல்லாம் பதியற பெட்டி அது, விமானத்துல இருக்கற பிளாக் பாக்ஸ் மாதிரி. 2014 ஜூலைக்கு அப்புறம் போட்டதுன்னா அதோட பாதுகாப்பு கூட்டுக்குள்ள (கேப்ஸ்யூல்) குறைஞ்சது 48 மணி நேரம் நிக்கும், பழைய செட்டுன்னா 12 மணி நேரம் நின்னாலே போதும்னுதான் விதி, அப்புறம் அதுமேலயே புதுசு பதிஞ்சிடும். தண்ணி உள்ள வந்துட்டு இருக்கும்போது யாருக்கு அந்த பட்டன் ஞாபகம் வரும் சொல்லுங்க, அதான் எமர்ஜென்சி செக்லிஸ்ட்ல எழுதி, யார் அமுக்கணும்னு பேர் போட்டு வைக்கணும். அமுக்கிட்டு, டிஸ்பிளேல சேவ் ஆச்சான்னும் பாக்கணும். 2015 அக்டோபர் 1-ல சூறாவளியில மூழ்கின எல் ஃபாரோ கப்பல்ல 33 பேரும் போயிட்டாங்க, சொல்ல ஒருத்தர் கூட மிச்சம் இல்ல. 15,000 அடி ஆழத்துல தேடித் தேடி 2016 ஆகஸ்ட்ல அந்த பெட்டியை எடுத்தாங்க, அதுல இருந்த சுமார் 26 மணி நேர பேச்சை வச்சுத்தான் கேப்டன் பார்த்துட்டு இருந்த வானிலை ஃபைல் பழசுங்கறது வரைக்கும் கோர்க்க முடிஞ்சுது.

இன்னொண்ணு, விபத்துக்கு அப்புறம் மெஸ் ரூம்ல (சாப்பிடற ரூம்) எல்லாரும் உக்காந்து ஒரே கதையா பேசி வச்சுக்கறது. ரெண்டு பேர் ஒரே விஷயத்தை வேற வேற மாதிரி சொல்றது சகஜம்னு விசாரிக்கறவங்களுக்கு தெரியும், நாலு பேர் ஒரே வார்த்தையில சொன்னாதான் அவங்களுக்கு சந்தேகமே வரும். கப்பல்ல நடக்கறதை எழுதி வைக்கிற லாக் புக்கும் அப்படித்தான், தப்பா எழுதிட்டா ஒத்தக் கோடு அடிச்சு இனிஷியல் போடுங்க, பக்கத்தை கிழிச்சீங்கன்னா சின்ன தப்பு பெரிய தப்பாயிடும்.

"மனிதத் தவறு"ன்னு சொல்லி ஃபைலை மூடறதும் தப்புதான். 1987 மார்ச் 6-ல ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ்ங்கற பிரிட்டிஷ் ஃபெர்ரி, வண்டிங்க ஏறற முன்பக்க கதவு திறந்தபடியே கிளம்பி கவிழ்ந்து 193 பேர் செத்தாங்க. கதவை மூட வேண்டியவர் கேபின்ல தூங்கிட்டார், வாஸ்தவம். ஆனா கதவு மூடியிருக்கான்னு பிரிட்ஜ்லேர்ந்து பார்க்க ஒரு லைட் கூட கிடையாது, போட்டுக் குடுங்கன்னு கேப்டன்கள் முன்னாடியே கம்பெனிகிட்ட கேட்டிருந்தாங்க. இந்த விபத்துக்கு அப்புறம்தான் பிரிட்டன்ல 1989-ல எம்ஏஐபின்னு தனி விசாரணை அமைப்பே வந்துச்சு.

கடைசியா டிராஃப்ட் ரிப்போர்ட், அதாவது விசாரணை முடிவை ஃபைனல் பண்றதுக்கு முன்னாடி காட்டற வரைவு. சம்பந்தப்பட்டவங்க கருத்து சொல்ல பொதுவா 30 நாள் டைம் உண்டு. அதை படிக்காம டிராயர்ல போட்டுட்டு, ஃபைனல் வந்தப்புறம் "எங்க பக்கத்தை கேக்கவே இல்ல"ன்னு கத்தறவங்கதான் அதிகம். அதை வாட்ஸ்அப் குரூப்ல போடறவங்களும் இருக்காங்க, டிராஃப்டை வெளியே விடறது சில நாடுகள்ல குற்றம்னு அவங்களுக்கு அப்புறம்தான் தெரிய வருது.